லடாக்ல லே ஊர்ல எறங்கி மறுநாளே கர்துங் லா போய்ட்டு வர்லாமுங்களா? அப்பாவும் கூட வர்றாரு

அவினாசிக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வர்ற ஜூலை கடைசில லடாக் போலாம்னு இருக்கறமுங்க. நான், வீட்டுக்காரி, ஆறாவது படிக்கற பொண்ணு, அப்பறம் எங்கப்பா. அப்பாவுக்கு 64 ஆச்சுங்க, பிபிக்கு மாத்திரை சாப்பிடறாரு, மத்தபடி நேரமே எந்திரிச்சு தோட்டத்துக்கு நடந்து போய் பால் கறந்து சொசைட்டில ஊத்திட்டு வந்துதான் காப்பியே குடிப்பாரு, அந்தளவுக்குத் திடமான ஆளு. உலகத்துலயே ஒசரமான ரோடுன்னு கர்துங் லா கணவாய எங்கயோ டிவில பாத்துட்டு ஒருக்கா அங்க போய் நிக்கோணும்னு ரொம்ப வருசமா சொல்லிட்டே இருக்காரு, இந்த வருசந்தான் கூட்டிட்டுப் போக வசதி வந்திருக்கு.

கோயமுத்தூர்ல இருந்து டெல்லி, அங்கிருந்து காலைல பிளைட்டுல லே. டிக்கெட் போடறதுக்கு விசாரிச்ச டிராவல்ஸ்ல என்ன சொல்றாங்கன்னா எறங்குன அன்னைக்கு ஊருக்குள்ள சுத்திப் பாத்துட்டு மறுநாள் காலைல கர்துங் லா ஏறிட்டு மத்தியானச் சோத்துக்கு லே வந்தர்லாம், வெறும் 39 கிலோமீட்டர்தானுங்களேங்கறாங்க. ரோட்டப் பத்தி எனக்குப் பயமில்லீங்க, திம்பம் 27 வளைவு, வால்பாறை 40, கொல்லிமலை 70, எல்லாம் நானே ஓட்டியிருக்கேன். என்ற சந்தேகம் என்னன்னா, மறுநாளே ஏறலாமுங்களா, காரு நாமளே வாடகைக்கு எடுத்து ஓட்டலாமுங்களா, அப்பறம் மேல போய்ட்டு திரும்பறதா இல்ல அப்படியே அக்கட்ட நூப்ரா பள்ளத்தாக்குல எறங்கி ராத்திரி தங்கிட்டு வர்றதா, எது அப்பாவுக்கு நல்லதுங்க? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி புல்லட்

தம்பி, அப்பாவோட ஆசைய நிறைவேத்தறீங்க, மொதல்ல அதுக்கு சந்தோசமுங்க. ஆனா அந்த பிளானை அப்படியே தூக்கிப் போட்டுட்டு வேற போடுங்க. 39 கிலோமீட்டர்ங்கறது இங்க கணக்கே இல்லீங்க, ஒசரந்தான் கணக்கு. கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம், லே 3,500 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637தான், அப்ப லேல ரூமுக்குள்ள கட்டில்ல படுத்திருக்கறதே தொட்டபெட்டாவ விட எம்புட்டு ஒசக்கன்னு பாத்துக்கங்க. கர்துங் லா 5,359 மீட்டர், தொட்டபெட்டா மேல இன்னொரு தொட்டபெட்டாவ வெச்சாலும் அதுக்கும் மேலதான் இருக்குதுங்க. 400ல இருந்து ஒரே காலைல 3,500, மறுநாளே 5,359னா ஒடம்பு எப்படீங்க தாங்கும்? நீங்க கொல்லிமலை ஓட்டுனது கைக்கும் காலுக்கும் ஒதவும், மூச்சுக்கு ஒதவாதுங்க.

நான் சொல்றது இதுதான். மொத நாள் ரூமை விட்டு வெளிய வரவே வேண்டாம், படுத்துட்டு உக்காந்துட்டு தண்ணி குடிச்சிட்டு இருங்க. ரெண்டாவது நாள் பொழுதோட மெதுவா லே பஜார்ல ஒரு நடை, சாந்தி ஸ்தூபா போனா கார்லயே மேல போய்ருங்க, படியேறாதீங்க. மூணாவது நாள் நிம்மு பக்கம் சிந்துவும் ஸான்ஸ்கர் ஆறும் சேர்ற எடம், வழில பத்தர் சாகிப் குருத்வாரா, அந்தப் பக்கமெல்லாம் லேய விட ஒசரம் அதிகமில்ல, சும்மா போய்ட்டு வர்லாம். நாலாவது நாள் கர்துங் லா. டிராவல்ஸ்காரங்க நாள் கூடுனா ரூம் வாடகை கூடும்னு சுருக்கித் தருவாங்க, நீங்க பாங்காங் ஏரிய வேண்ணாலும் விட்ருங்க, இந்த மூணு நாள விட்ராதீங்க.

போற அன்னைக்கு நாஸ்டாவ கம்மியா முடிச்சிட்டு எட்டு மணிக்குள்ள கெளம்பிருங்க. சவுத் புல்லு வரைக்கும் ரோடு நல்லாருக்கும், அங்க செக்போஸ்ட்ல பேப்பர் பாப்பாங்க, அதுக்கு மேலதான் ரோடு அங்கங்க ஒடஞ்சு கெடக்கும். மத்தியானம் வெயில் ஏற ஏற பனி உருகி தண்ணி ரோட்டு மேல ஓடும், அதனாலதான் நேரமே போய்ட்டு நேரமே எறங்கறது. மேல பதினஞ்சு இருவது நிமிசம், அதுக்கு மேல ஒரு நிமிசமும் வேண்டாம். அங்க ஒசரம் எழுதுன போர்டு கிட்ட போட்டோவுக்கு கூட்டம் நிக்கும், அப்பாவ வண்டிக்குள்ள உக்கார வெச்சிட்டு நீங்க போய் எடம் புடிச்சு அப்பறம் கூப்பிடுங்க, வரிசைல நிக்க விடாதீங்க.

ஒண்ணு, ஒசரமான ரோடுங்கற பேரு இப்ப அதுக்கு இல்லீங்க. பழைய போர்டுல 18,380 அடின்னு போட்டிருப்பாங்க, ஜிபிஎஸ்ல அளந்தா 17,582 அடிதான் வருது. 19,024 அடில உம்லிங் லான்னு ஒரு ரோடு போட்டு 2021ல அதுக்கு கின்னஸ் சாதனையும் குடுத்துட்டாங்க. அப்பாட்ட இத போகறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, அங்க போய்த் தெரிஞ்சா மனசு சங்கடப்படும். ஆனா அந்தக் கொடி கட்டுன எடத்துல நின்னு காரகோரம் பக்கம் பனி மலைய பாக்கறப்ப எந்த நம்பரும் ஞாபகத்துக்கு வராதுங்க, அது நிச்சயம்.

பெருந்துறை நர்ஸக்கா

தம்பி, அப்பா திடமா இருக்காருங்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஒசரத்துக்குப் போனா வர்ற மலைச்சீக்குக்கு அது தெரியாதுங்க, தெனமும் ஓடற இருவது வயசுப் பையனுக்கும் வரும், ஒண்ணுமே பண்ணாத பெரியவருக்கு வராமயும் போகும். காத்துல ஆக்சிஜன் பங்கு அங்கயும் அதே 21 சதவீதந்தான், காத்தோட அழுத்தந்தான் கொறைஞ்சு போகுது, கர்துங் லால நம்மூர்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும். அப்ப ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது பாதி.

கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்பாவ அவரு பாக்கற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய் எங்க போறம், எத்தன ஒசரம்னு மீட்டர்லயே சொல்லுங்க, வெறும் லடாக்னு சொல்லாதீங்க. ஈசிஜி, தேவைப்பட்டா எக்கோ எடுத்துப் பாக்கட்டும். மலைச்சீக்குக்குப் போடற டையமாக்ஸ் மாத்திரைய மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போட்றாதீங்க. அதுவும் ஒண்ணுக்கு நெம்பப் போக வெக்கற மாத்திரை, பிபி மாத்திரைல சிலதும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு டாக்டர்தான் பாக்கோணும். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்களுக்கு ஆகாமயும் போகலாம். பிபி மாத்திரைய அங்க போய் நிறுத்தவும் கூடாது.

லேல எறங்குன மொத ராத்திரி லேசா தலைநோவு, தூக்கம் வராம பொரண்டு படுக்கறது, பசிக்காம இருக்கறது, இதெல்லாம் நெறையப் பேருக்கு இருக்கும், ஒரு ரெண்டு நாள்ல கொறையும். கொறையலைன்னா மேல ஏறவே கூடாது, அங்கயே இருக்கோணும். மாத்திரை போட்டும் நிக்காத தலைநோவு, வாந்தி, சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்கறது, வறட்டு இருமல், பேச்சு கொழறறது, நடக்கறப்ப தள்ளாடறது, இதுல எது வந்தாலும் ஒடனே கீழ எறக்கோணுமுங்க. சந்தேகமா இருந்தா ஒரு கோட்டு மேல ஒரு கால் வெரல் நுனில அடுத்த கால் குதிகால ஒட்டி வெச்சு நடக்கச் சொல்லிப் பாருங்க, தள்ளாடுனா யோசிக்கவே வேண்டாம். லேல அரசாங்க எஸ்என்எம் ஆஸ்பத்திரி இருக்குது, இந்தச் சீக்கு அவங்களுக்குப் பழக்கம்.

வெரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் வாங்கிட்டுப் போங்க, ஆனா லேல 90க்குக் கீழ காட்டுனா பயந்துக்காதீங்க, அங்க அது சகஜம், ஆளு எப்படி இருக்காருன்னு பாருங்க. பொண்ணையும் பாத்துக்கங்க, கொழந்தைக தலை நோவுதுன்னு சொல்லத் தெரியாம சுருண்டு படுத்துக்குவாங்க. கையடக்க ஆக்சிஜன் கேன் கொஞ்ச நிமிசம்தான் வரும், அத நம்பி மேல நின்னுட்டு இருக்காதீங்க.

நூப்ரால தங்கறதப் பத்தி: அங்க இருக்கற ஹுண்டர், டிஸ்கிட் ஊரு ரெண்டும் லேய விட தாழ்வு, அதனால தூங்கறதுக்கு அங்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ராத்திரில ஒண்ணுன்னா லே ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு திரும்ப அதே 5,359 மீட்டர் ஏறி எறங்கோணும். பிபி இருக்கற பெரியவர கூட்டிட்டுப் போறப்ப அந்தப் பக்கம் போகாம ஒரே நாள்ல திரும்பறதுதான் என்ற யோசனை.

சங்ககிரி லாரிக்காரன்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஸ்ரீநகர் வழில லோடு போவேனுங்க, ஸோஜி லா, கார்கில், ஃபோட்டு லான்னு கொஞ்சங் கொஞ்சமா ஏறி வழில ராத்திரி தங்கித்தான் லே போய்ச் சேருவம், அதனால ஒடம்பு பழகிரும். பிளைட்ல வர்றவங்களுக்குத்தான் இந்தப் பிரச்சன. மணாலி வழியா வந்தா ஒசரமா ஏறி சர்ச்சூ மாதிரி எடத்துல தங்க வேண்டி வரும், பெரியவங்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

வண்டி நீங்க ஓட்டறத பத்தி சொல்றேன். வெளியூர்ல வாடகைக்கு எடுத்த வண்டிய லேல சுத்த விடமாட்டாங்க, அங்கத்த யூனியன் தடுத்துரும். லேல டாக்ஸி யூனியன் எந்த ஊருக்கு எவ்வளவுன்னு ரேட் போட்டு வெச்சிருக்கு, அதுல ஒரு வண்டி எடுத்துக்கங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்லல. அங்க ஓட்டறவரும் அதே காத்தத்தான் மூச்சு விடறாரு, தலை கிர்ருன்னு இருக்கறப்ப வளைவுல எதிர்ல மிலிட்டரி கான்வாய் வரும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத எறக்கம், மரம் செடி ஒண்ணு கிடையாது. இஞ்சினுக்கும் மூச்சு முட்டும், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டின்னா பாதி இழுவை போயிரும், இங்க மூணாவது கியர்ல போற மேட்டுக்கு அங்க ரெண்டாவதே முக்கும். எறங்கறப்ப ஏறுன கியர்லயேதான் எறங்கோணும், பிரேக்க மிதிச்சிட்டே வந்தா சூடாகி புடிக்காது. லே டிரைவருக இதுலயே பொறந்து வளந்தவங்க. நீங்க பின்னாடி அப்பா பக்கத்துல உக்காந்து அவரு மொகத்தப் பாத்துட்டு வாங்க, அந்த வேலைதான் உங்களுக்கு முக்கியம்.

அந்த ரோட்ட 1976ல போட்டாங்க, பொதுஜன வண்டிகள விட்டது 1988ல. இப்பவும் எல்லைல ரோடு போடற அரசாங்க அமைப்பு, பார்டர் ரோடு ஆளுகதான் பாக்கறாங்க. கூலிக்கு ஜார்க்கண்ட் தும்கா பக்கமிருந்து வந்த சனம் அந்தக் காத்துல தார் காய்ச்சி ஊத்திட்டு நிக்கும், நமக்கு பத்தடி நடந்தா மூச்சு வாங்கும், அவங்க கல்லு சொமப்பாங்க. நான் போறப்பெல்லாம் கையில இருக்கற பிஸ்கட் பாக்கெட்டோ வாழைப்பழமோ குடுத்துட்டுத்தான் போவேன். நீங்களும் முடிஞ்சா எடுத்துட்டுப் போங்க, டிரைவர்ட்ட சொன்னா நிறுத்துவாரு.

அவினாசிக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ஒசரமான ரோடு இப்ப வேறன்னதும் சித்த நேரம் பேசாம இருந்துட்டு "பரவால்ல சாமி, கர்துங் லாவுக்கே போலாம்"னுட்டாரு. மூணு நாள் லேல இருந்துட்டு நாலாவது நாள் டாக்ஸில போய்ட்டு அன்னைக்கே திரும்பறதா முடிவு பண்ணிட்டமுங்க, டாக்டரையும் அடுத்த வாரம் பாக்கறம். இன்னும் ரெண்டு சந்தேகம். பெர்மிட் அங்க போய் எடுக்கறதுங்களா? அப்பறம் அம்மா முறுக்கு, தட்டுவடை, புளிச்சோறெல்லாம் கட்டித் தர்றேங்கறாங்க, மேல கொண்டு போலாமுங்களா?

பொள்ளாச்சி புல்லட்

லே மாவட்ட நிர்வாகத்தோட வெப்சைட்லயே பேரு பதிஞ்சு சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிரலாமுங்க, ரசீத நாலஞ்சு காப்பி எடுத்துக்கங்க, எல்லாரோட ஆதார் ஜெராக்ஸும் கையில இருக்கட்டும். ரூம்காரரு, டாக்ஸிக்காரரு கிட்ட சொன்னாலும் எடுத்துத் தருவாங்க.

முறுக்கு தாராளமா கொண்டு போங்க. காத்தடைச்ச பாக்கெட்டா இருந்தா மேல போகப் போக பொம்முன்னு உப்பிக்கும், சிலது டப்புன்னு வெடிக்கும், அதனால டப்பால போட்டு எடுத்துக்கங்க. புளிச்சோத்த திரும்பி வந்து லேல சாப்பிடுங்க, மேல வயிறு முட்டச் சாப்பிட்டா கொமட்டும். மேல டீ கெடைக்கும், ஆனா தண்ணி அங்க 80 டிகிரிச் சொச்சத்துலயே கொதிச்சுரும், அதனால நம்மூரு டீ மாதிரி நாக்கச் சுடாது, வாங்குன ஒடனே குடிச்சிருங்க. கூலிங் கிளாஸ் நாலு பேருக்கும் வேணும், பனில பட்டுத் தெறிக்கற வெயில் கண்ண எரிச்சிரும். ஜூலைன்னாலும் மேல பனி பெய்யறதுண்டு, அப்பாவுக்கு காது மூடற குல்லா எடுத்துக்கங்க.

முக்கியமா ஒண்ணு, நம்மூரு ப்ரீபெய்டு சிம் லடாக்ல எடுக்காதுங்க, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். வீட்டுல ஒரு நம்பரையாவது இப்பவே மாத்திருங்க, கெளம்பற வாரத்துல மாத்தலாம்னு விட்டுட்டா சமயத்துக்கு ஆக்டிவேட் ஆகாமப் போயிரும்.