ஆண்டு விழாவுக்கு ரோடு வரை கூட்டம், பெற்றோர் கூட்டத்துக்குப் பதினொரு பேர்

கொருக்குப்பேட்டை அப்பா

எங்கள் நடுநிலைப் பள்ளியில் இந்த மார்ச் மாதம் நடந்ததை எழுதுகிறேன். பள்ளி பெயர் வேண்டாம். மகள் ஏழாவது படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு உறுப்பினர்.

மாத ஆரம்பத்தில் ஆண்டு விழா. பந்தல் நிரம்பி ரோடு வரைக்கும் கூட்டம். அம்மா, அப்பா, ஆயா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் வரைக்கும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆடும்போது மேடையே தெரியவில்லை, அவ்வளவு செல்போன். பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம். ஆண்டுத் தேர்வு அட்டவணை, எட்டாவது முடிக்கிற பிள்ளைகள் அடுத்து எங்கே சேர்வது, புதுச் சேர்க்கை, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது என்று பேச வேண்டியது நிறைய இருந்தது. வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் டி.சி. எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது, வருகிற பணம் எதற்குப் போகிறது என்று நாம் கேட்கலாம். கையில் கொண்டுவந்து கொடுத்தும் வாங்க ஆளில்லை. டான்ஸ் பார்க்க வருகிற கால், கூட்டத்துக்கு மட்டும் வராதா?

காசிமேடு ஐஸ்பெட்டி

அண்ணே, ஆண்டு விழா எத்தனை மணிக்கு? சாயங்காலம்தானே. கூட்டம் 3 மணிக்கு. பதிலை நீங்களே எழுதிவிட்டு எங்களைத் திட்டுகிறீர்கள்.

என் அக்காவின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலை 2 மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போவாள். ஏலம் முடிந்து, பங்கு பிரித்து, அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறும்போது மணி ஆறு. தெருமுனையில் உட்கார்ந்தால் விற்றுத் தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள். தீர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, ஆக்கி, ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்கும்போது இரண்டரை. அவளை 3 மணிக்கு எழுப்பி பெஞ்சில் உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குவாள். போன வருடம் அப்படித்தான் தூங்கினாள். அவள் மகன் இன்னமும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறான்.

மாமா விசைப்படகில் போகிறவர். தங்கல் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர மாட்டார். அவரை எந்த வெள்ளிக்கிழமை கூப்பிடப் போகிறீர்கள்?

கொருக்குப்பேட்டை அப்பா

தம்பி, கஷ்டம் எனக்கும் தெரியும். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அரை நாள் வாடகையை விட்டுவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன். வருடத்தில் இரண்டு கூட்டத்துக்காவது வர முடியாதா என்றுதான் கேட்கிறேன். எல்லாரும் மீன் விற்கவில்லையே. எங்கள் தெருவில் மதியம் வீட்டில் இருக்கிற ஆம்பிளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லி எண்ணட்டுமா?

பிஞ்ச மாலை

எண்ணுங்க அண்ணே, நானும் அதில் வருவேன் :)

சாக்பீஸ்

நான் ஆசிரியை. வியாசர்பாடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டுக்குத் தமிழ் எடுக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை 3 மணி என்பதை நாங்கள் வைக்கவில்லை. மேலேயிருந்து சுற்றறிக்கை வருகிறது. வருகையைச் செயலியில் பதிய வேண்டும், படம் எடுத்து ஏற்ற வேண்டும். பதினொரு பேர் என்று பதிந்தால் ஏன் பதினொன்று என்று எங்களைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, என்னால் நேராகப் பேசாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கினால் அடுத்த மாதமே டூவீலர் மெக்கானிக் கடையில்தான் அவனைப் பார்க்கலாம். ஆனால் அதன் இன்னொரு பக்கம், ஏழாவதில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பையன் இருக்கிறான் என்பது அவன் வீட்டுக்குத் தெரிவதே இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தேர்ச்சி என்று சீட்டு போகிறது. வீட்டில் சந்தோஷம். ஒன்பதாவதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்போது அம்மா ஓடி வருவார், அப்போது பையன் வேறு பள்ளியில் இருப்பான். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியது ஆசிரியர் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. யாரிடம் சொல்வேன்? காலி பெஞ்சிடமா?

படிக்காத பெற்றோர் என்பதால் வரக் கூச்சம் என்பார்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை

டீச்சர், அந்தக் கடைசி வரியை இவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கள் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். எட்டு வருடம் ஒரே பள்ளியில் படித்தேன், ஒருநாள் கூட அம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மதியம் பாத்திரம் கழுவிவிட்டு, ஈரப் புடவைத் தலைப்போடு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஆறாவதில் ஒருமுறை உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சார் நாற்காலியில் இருந்தார், அம்மா நின்றார். சார் என் மார்க்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. 'வீட்டில் என்ன பண்ணுகிறீர்கள், பையனைக் கவனிக்கிறதில்லையா' என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்து என்னிடம், 'சார் நல்லா சொன்னாருடா' என்றார். அதற்கப்புறம் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட ஆரம்பித்தேன். அம்மாவை இன்னொரு முறை அங்கே நிறுத்தக் கூடாது என்று.

இதைக் கூச்சம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. உங்கள் கூட்டத்தில் எத்தனை நாற்காலி போடுகிறீர்கள்?

சாக்பீஸ்

பெஞ்ச்தான் போடுகிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்ச். நாற்காலி எங்களுக்கும், விருந்தினர் வந்தால் அவருக்கும். இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். சரி, இது என் தப்பு. ஆனால் நான் யாரையும் நிற்க வைத்துத் திட்டியதில்லை.

பெரம்பூர் தனியார்

தனியார் பள்ளியில் போடும் எங்கள் கதை வேறு. கூட்டத்துக்கு வராவிட்டால் மறுநாள் பிள்ளையைக் கிளாஸ் வெளியே நிறுத்துவார்கள். அதனால் எல்லாரும் போவோம். போனதும் ஃபீஸ் பாக்கியைத்தான் கேட்பார்கள். நீங்கள் வரவில்லை என்று சண்டை போடுகிறீர்கள், நாங்கள் வந்தும் வாயைத் திறக்க முடியாது.

காசிமேடு ஐஸ்பெட்டி

டீச்சர் ஒத்துக்கொண்டது நல்ல விஷயம். ஆனால் 'வந்தால்தான் அக்கறை' என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. செரியன் நகர் காசிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் 3 தங்கம். அப்பா ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கு கேரம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை முறை போனார் என்று யாராவது அவரைக் கேட்டார்களா?

கொருக்குப்பேட்டை அப்பா

காசிமாவை இழுக்காதீர்கள் தம்பி, அந்தப் பெண் நம் எல்லாருக்கும் பெருமை. ஆனால் அந்த அப்பாவுக்கு கேரம் தெரியும். அதனால் கூட உட்கார்ந்தார். ஏழாவது கணக்கு எனக்குத் தெரியாது, உங்கள் அக்காவுக்கும் தெரியாது. தெரிந்த இடம் பள்ளிதான். அங்கே போகாமல் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பணத்தையும் சொல்கிறேன். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000. வீட்டு வருமானம் வருடத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நம் தெருவில் பாதி வீடு அப்படித்தான். எங்கள் பள்ளியில் இந்த வருடம் எழுதினது நாலே பிள்ளைகள். மற்ற வீடுகளில் கேட்டால், 'அப்படி ஒண்ணு இருக்கா?' அதைச் சொன்ன கூட்டத்துக்கும் அவர்கள் வரவில்லை.

இன்னொன்று. ஐந்தாவது முடிந்ததும் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் உடனே இங்கிலீஷ் மீடியம் தனியாருக்கு மாற்றுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாற்றினால் அது போச்சு. மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம், ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

நோன்புக் கஞ்சி

எங்கள் வீட்டில் ஒன்று நாலாவது, ஒன்று ஆறாவது, ஒரே பள்ளி. காலை உணவுத் திட்டம் 2022இல் ஆரம்பிக்கும்போதே ஐந்தாவது வரை என்றுதான் வரையறுத்தார்கள். சின்னவன் பொங்கல் சாப்பிடுவான், பெரியவள் வராந்தாவில் நின்று பார்ப்பாள். ஒருநாள் அவன் தட்டோடு எழுந்து வந்து அக்காவுக்கு ஊட்டியிருக்கிறான். சமையல் அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார், அவர் நல்லா இருக்கட்டும். இதைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். நான் வந்தேன் அண்ணே, உங்கள் பதினொரு பேரில் நானும் ஒருத்தி. ஆனால் கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், தீர்மானத்தை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது.

கொருக்குப்பேட்டை அப்பா

அக்கா, நீங்களா! நோட்டை எழுதினது நான் இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. நியாயமான அடி.

பழைய வண்ணாரப்பேட்டை

அப்பாடா. மூன்று பக்கம் கழித்து விஷயத்துக்கு வந்தோம். ஆள் வந்தாலும் பேச்சுக்கு இடமில்லை.

கொருக்குப்பேட்டை அப்பா

இடம் இல்லை என்று எல்லாரும் வீட்டில் இருந்தால் இடம் எப்படி வரும்? பதினொரு பேர் என்றால் முன்பே எழுதின நோட்டில் கையெழுத்து போடச் சொல்வார்கள். நூறு பேர் இருந்தால் சொல்ல மாட்டார்கள். நான் அதில் மாற மாட்டேன். நேரத்தை மாற்றலாம், அதற்கு ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா?

காசிமேடு ஐஸ்பெட்டி

அண்ணே, சிரிப்பு வருகிறது. வாரத்திலேயே பெரிய வியாபாரம் ஞாயிறு. சென்னையே வஞ்சிரம் வாங்க காசிமேட்டுக்கு வருகிறது, நாங்கள் கூட்டத்துக்கு வருவோமா?

பிஞ்ச மாலை

ஏப்ரல் 15க்கு அப்புறம் வையுங்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள் எல்லாரும் கரையில்.

காசிமேடு ஐஸ்பெட்டி

கரையில் இருக்கிறார்கள், சும்மா இருப்பதில்லை. படகை ஏற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட், வலை பின்னுவது எல்லாம் அப்போதுதான். நிவாரணத் தொகையை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியுமா? பாதிப் பேர் மூட்டை தூக்கப் போகிறார்கள். ஆனால் ஒன்று உண்மை, ராத்திரி வீட்டில் தூங்குவார்கள். மகன் எத்தனையாவது படிக்கிறான் என்று மாமாவுக்குத் தெரிய வருவதே அப்போதுதான். சாயங்காலம் என்றால் நான் இழுத்துக்கொண்டு வருகிறேன்.

நோன்புக் கஞ்சி

சாயங்காலம் சரி. நோன்பு மாதமாக இல்லாமல் பாருங்கள். ஆறரை மணிக்கு நோன்பு திறக்கிற நேரத்தில் வையுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது.

சாக்பீஸ்

ஆசிரியர்களையும் கொஞ்சம் நினையுங்கள். எங்கள் பள்ளியில் ஒருவர் மீஞ்சூரிலிருந்து வருகிறார். ஏழு மணிக்குக் கூட்டம் முடிந்தால் ரயில் பிடித்து, வீட்டுக்குப் போய் உலை வைக்கும்போது ஒன்பது. எல்லா மாதமும் முடியாது. ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒன்று, ஜூன் திறந்ததும் ஒன்று, இரண்டுக்கு நான் நிற்கிறேன். எட்டாவது பெற்றோரை மட்டும் தனியாகக் கூப்பிட வேண்டும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று போன வருடம் மூன்று பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு நானே நடந்து போய்ப் பேசினேன். அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது. மற்ற இரண்டு வீட்டுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

பழைய வண்ணாரப்பேட்டை

டீச்சர், முகவரி தெரிந்தால் சொல்லுங்கள். பொதுவில் வேண்டாம், தனியாக அனுப்புங்கள். ஒரு வருடம்தான் போயிருக்கிறது, இந்த ஜூனில் சேர்க்கலாம். கூட வருகிறேன்.

கொருக்குப்பேட்டை அப்பா

இன்று தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். செயலிக்கு வேண்டிய வெள்ளிக்கிழமைக் கூட்டம் அப்படியே நடக்கும், அதை மாற்ற அவரால் முடியாது. தனியாகத் திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டைத் திறந்து வைக்கிறேன் என்றார். நோன்பு முடிந்த பிறகு வருகிற திங்கள்தான், கஞ்சி அக்கா கவலைப்பட வேண்டாம். நாற்காலி பற்றிக் கேட்டேன். பள்ளியில் இருப்பது ஒன்பது. பந்தல்காரரிடம் அறுபது சொல்லியிருக்கிறேன், நாள் வாடகை நான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டு காலியாக இருக்கும். முதல் வரியில் காலை உணவு, இரண்டாவது தாழ்ப்பாள்.

ஐஸ்பெட்டி தம்பி, உங்கள் அக்கா வருவாரா?

காசிமேடு ஐஸ்பெட்டி

கேட்டேன். 'ஃபோட்டோ எடுப்பாங்களா?' என்கிறாள். எடுக்க மாட்டார்கள் என்றால் வருகிறாளாம்.