2018: ஆட்சி மாறிய வாரத்தில் ஒரு தூதரக அதிகாரியோடு

மலேசியாவில் ஆட்சி மாறிய அந்த மே மாதம், கோலாலம்பூரில் ஓர் ஐரோப்பியத் தூதரக அதிகாரிக்கு நான் மலாய் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 9ஆம் தேதி பொதுத் தேர்தல்; அன்று இரவு முடிவுகள் வரவர எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. 1957 முதல் அதுவரை ஒரே அணிதான் ஆண்டது. செகாமட் தொகுதியில், அந்த அணியிலிருந்த இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவரே தோற்றுவிட்டார் என்றதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

வாரக் கடைசியில் பாடம். நான் வெற்றியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "வியாழக்கிழமை பகல் முழுக்க இந்த நாட்டை ஆண்டது யார்?"

வாக்களிப்புக்கு மறுநாளான அன்று காலை, தோற்ற பிரதமர் நஜிப் மக்கள் தீர்ப்பை ஏற்பதாகச் சொன்னார். ஆனால் எந்தத் தனிக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை, மாமன்னர்தான் முடிவு செய்வார் என்றும் சேர்த்துக்கொண்டார். மாலையில் பதவியேற்பு என்றார்கள். வென்ற கூட்டணியின் தலைவர் மகாதீர் உறுதிமொழி எடுக்கும்போது இரவு பத்தை நெருங்கிவிட்டது. மாமன்னரின் அரண்மனையான இஸ்தானா நெகாரா வாசலில் கொடியோடு நின்ற எங்கள் ஆட்களுக்கு அது திருவிழா. அதிகாரிக்கோ அந்த இடைவெளிதான் செய்தி.

அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்து 43ஆவது பிரிவை மலாயில் விளக்கச் சொன்னார். மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ, அவரே பிரதமர். அந்த நம்பிக்கையை எப்படிக் காட்டுவது என்று இதில் எங்கே இருக்கிறது என்று அந்த வரியில் விரல் வைத்துக் கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. எங்கள் தலைவர் அன்வார் சிறையிலிருந்து வரப்போகிறார், ஜி.எஸ்.டி. போகப்போகிறது, இவர் சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே!

2020 பிப்ரவரி 24இல் மகாதீர் பதவி விலகினார். மாமன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். மார்ச் 1இல், தேர்தலே இல்லாமல், மகாதீரின் அமைச்சரவையில் இருந்த முகைதீன் பிரதமரானார். அதற்குள் அந்த அதிகாரி வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் விரல் வைத்த அதே வரிதான் நாட்டைப் புரட்டிப் போட்டது.

வெளியாளுக்குச் சட்டத்தில் உள்ள ஓட்டை தெரிந்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பது அவருக்கு எட்டவில்லை. புதன்கிழமை வாக்களிப்பு என்றபோதும் சிங்கப்பூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அம்மா, யாருக்குப் போட்டேன் என்று அதுவரை வீட்டில்கூட வாய் திறந்ததில்லை. அன்று மை காயாத விரலோடு, வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் சத்தமாகவே சொன்னார்.