புக்மார்க் எல்லாம் காணோம், அவசரம்

மண்டபம்_கரை: கடல் சொற்கள் சேகரிக்கும் ஃபைலில் அறுபது வரிக்கு மேல் புக்மார்க் (வரி ஓரத்து அடையாளப் புள்ளி) போட்டிருந்தேன். சேவ் பண்ணித்தான் மூடினேன். காலையில் திறந்தால் ஒன்றுகூட இல்லை. நாளை ஏர்வாடியில் ஒரு பெரியவரிடம் கேட்டுத் திருத்த வேண்டிய வரிகள். உதவுங்கள்.

தொண்டித்துறை: எந்த எடிட்டர் தம்பி? விண்டோஸா, லினக்ஸா?

பாம்பன்_அலை: லேப்டாப்பா? புக்மார்க் போடக் கன்ட்ரோல் எஃப்2 தட்டினால் பல லேப்டாப்பில் திரை வெளிச்சம்தான் மாறும். எஃப்என் சேர்த்து அழுத்தாவிட்டால் புக்மார்க் விழுந்தே இருக்காது.

மண்டபம்_கரை: விழுந்தது அண்ணே, இடது ஓரத்தில் நீலப் புள்ளி பார்த்தேன். நோட்பேட் பிளஸ் பிளஸ், விண்டோஸ்.

பழைய_விசை: உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். விம் எடிட்டரில் எம் தட்டிப் பெரிய எழுத்து ஒன்று அடித்தால் குறி மறுநாளும் நிற்கும்.

தொண்டித்துறை: பெரிய எழுத்து 26தானே ஐயா, அவருக்கு அறுபது வரி. நாளைக்குள் விம் கற்கவா முடியும்?

கீழக்கரை_கணக்கு: டேபை எக்ஸ் போட்டு மூடினீர்களா? புக்மார்க் ஃபைலுக்குள் எழுதப்படாது, செஷனில்தான் (எந்தெந்த ஃபைல் திறந்திருக்கிறது என்று எடிட்டர் வைக்கும் குறிப்பு) இருக்கும். டேபை மூடினால் போச்சு. டேபைத் திறந்தபடி விட்டுப் புரோகிராமை மூடினால் நிற்கும். செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், பேக்கப்பில் 'ரிமெம்பர் கரன்ட் செஷன்' டிக் ஆகியிருக்க வேண்டும். அந்த வரிகளில் பொதுவாக ஏதாவது குறி உண்டா?

மண்டபம்_கரை: ஆமாம், எக்ஸ்தான் போட்டேன். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். 'கச்சான் - மேல்காற்று?' என்பது மாதிரி.

பாம்பன்_அலை: கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. மேற்குக் காற்று என்று பொருள்படும்படி மேல்காற்று என்று எழுதாதீர்கள்.

தொண்டித்துறை: எங்கள் பக்கம் மேற்கேதான்.

பாம்பன்_அலை: கச்சான் அடித்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் வாடையில் அப்படியே தலைகீழாக மாறும். பாம்பன் பாலத்தில் நின்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நேர் மேற்குக் காற்றுக்கு இது பொருந்துமா?

தொண்டித்துறை: எங்களுக்கு வடகடல் மட்டும்தான் அண்ணே. ஊருக்கு ஊர் மாறும். இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போடட்டும்.

கீழக்கரை_கணக்கு: காற்று இருக்கட்டும். கேள்விக்குறி இருந்தால் பிழைத்தீர்கள். கன்ட்ரோல் எஃப், மார்க் டேப், 'புக்மார்க் லைன்' டிக், தேட வேண்டியது கேள்விக்குறி. சர்ச் மோட் 'நார்மல்' ஆகவே இருக்கட்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் கேள்விக்குறிக்கு வேறு பொருள். மார்க் ஆல் அழுத்துங்கள். அப்புறம் சர்ச் மெனுவில் புக்மார்க், 'காப்பி புக்மார்க்டு லைன்ஸ்'. புது ஃபைலில் ஒட்டி பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

மண்டபம்_கரை: 64 வரி வந்தது. பிரின்ட் போட்டாச்சு. கச்சானைத்தான் முதலில் கேட்பேன். நன்றி அண்ணே.

பாம்பன்_அலை: கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.