மறு: அட்டர்னி ஜெனரலுக்குத் தமிழில் என்ன?

வணக்கம் ஐயா,

மத்திய அரசின் முதன்மைச் சட்ட அலுவலரான அட்டர்னி ஜெனரலுக்குத் தமிழில் 'தலைமை வழக்குரைஞர்' போதுமே என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மூத்த வழக்கறிஞர் பராசரனைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்காரும்வரை. அவர் 1976இல் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் முதன்மைச் சட்ட அலுவலர்), 1980இல் இந்தியாவின் சொலிசிட்டர் ஜெனரல் (அட்டர்னி ஜெனரலுக்கு அடுத்த நிலை), 1983இல் அட்டர்னி ஜெனரல். நாளிதழ் நடையில் எழுதினால், 'அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தவர் பின்னர் தலைமை வழக்கறிஞர் ஆனார்' என்று வந்து நிற்கிறது. மனிதர் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை போல!

இன்னொன்று. வழக்குரைஞர் என்றதும் கறுப்பு அங்கியும் வாதமும்தான் நினைவுக்கு வரும். அரசமைப்பின் 76ஆம் உறுப்போ, சட்ட விஷயங்களில் அரசுக்கு ஆலோசனை சொல்வதைத்தான் அட்டர்னி ஜெனரலின் கடமைகளில் முதலில் வைக்கிறது.

'சட்டமா அதிபர்' என்ற இலங்கை வழக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொரு நண்பர். அழகான சொல், அங்கே வேரூன்றியும் விட்டது. ஆனால் வேலை வேறு. அங்கே மேல் நீதிமன்றக் குற்றப்பத்திரிகையே அவர் பெயரில்தான் போகும். அவருக்கென்று ஒரு திணைக்களம் (அரசுத் துறை) உண்டு; அதில் அரச சட்டத்தரணியாக, அதாவது அரசு வழக்கறிஞராகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள் பலர் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். இங்கே வெளியில் தொழில் செய்யும் மூத்த வழக்கறிஞரை நேரே அமர்த்துகிறார்கள். குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவி, அவ்வளவுதான். முதலாமவர் செதல்வாட் 1950 முதல் 1963 வரை நீடித்தார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, 'அதிபர்' என்றால் நம் காதில் தொழிலதிபர்தான் விழுகிறார். சட்டத்தையே விலைக்கு வாங்கியவர் என்று யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

என் பரிந்துரை: தலைமைச் சட்டவுரைஞர். வழக்கை உரைப்பவர் வழக்குரைஞர் என்றால், சட்டத்தை உரைப்பவர் சட்டவுரைஞர். அரசுக்கு அறிவுரை, நீதிமன்றத்தில் வாதவுரை இரண்டும் 'உரை'க்குள் அடங்கிவிடும். 88ஆம் உறுப்பின்படி அவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பேசலாம், வாக்குதான் கிடையாது. ஆக அங்கேயும் உரைதான். மாநிலத்தில் அட்வகேட் ஜெனரலுக்கும் ஏறக்குறைய இதே அமைப்பு என்பதால், முன்னால் 'இந்திய', 'மாநில' என்று சேர்த்தால் பராசரன் வாக்கியம் நேராகிவிடும்.

உதைப்பது சொலிசிட்டர் ஜெனரல். அரசமைப்பில் அந்தப் பெயரே இல்லை. அதற்கு ஈழத்தில் வழங்கும் 'மன்றாடியார் நாயகம்' எனக்குப் பிடிக்கும், ஆனால் மன்றாடுவது இங்கே கெஞ்சுவதாகிவிட்டது. 'துணை' போட்டால், அவருக்குக் கீழே உள்ள கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல்களை என்ன செய்வது? இப்போதைக்கு ஒலிபெயர்ப்பிலேயே விட்டிருக்கிறேன். யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.