லிமிடெட் கவர்ன்மெண்ட்: தமிழில் என்ன சொல்?

காரைக்குடி, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் பற்றிய பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'லிமிடெட் கவர்ன்மெண்ட்' என்பதை 'வரையறுக்கப்பட்ட அரசு' என்று எழுதியிருந்தேன். "முக்கோணத்துக்குத்தானே ஐயா வரையறை சொல்வோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னொருவன் லிமிடெட் கம்பெனியை நினைத்துக்கொண்டான். அவர்கள் மேல் தவறில்லை. தனிமனிதனின் உயிர், உடைமை, மனச்சான்று ஆகியவற்றில் ஆள்வோர் கைவைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பது, சொல்லைக் கேட்டவுடனே தெரிய வேண்டும். பரிந்துரை தாருங்கள்.

தேவகோட்டை, திங்கள் மாலை

தம்பி, 'வரம்பரசு' என்று எழுதுங்கள். வரம்பு + அரசு. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. வரம்பை உடைய அரசு என விரியும். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வரை, வரைவு, வரம்பு, வரப்பு எல்லாம் ஓரினச் சொற்கள். 'வரப்புயர நீர் உயரும்' என்று ஔவை தொடங்கிக் கோனில் கொண்டுபோய் முடித்தாள் அல்லவா, அந்த வரப்பை ஈழத்தில் இன்றும் வயல் வரம்பு என்றே சொல்கிறார்கள். மலைக்கும் வரை என்று பெயர். நாட்டுக்கு எல்லையாக நின்றது மலைதானே. மூங்கிலும் வரை. அகத்துறையில் மணம் முடிப்பது வரைவு. ஒருத்திக்கு உரியவனாகத் தன்னை எல்லைப்படுத்திக்கொள்வதால் அப்பெயர் என்பது என் முடிவு. இத்தனை ஆழமுள்ள வேரை விட்டு வேறெங்கே தேடுவது?

கண்டனூர், செவ்வாய் காலை

ஐயா மன்னிக்க வேண்டும், வேர் ஆழமாக இருந்து பயனில்லை. வரம்பரசு என்றால் மாணவன் எல்லைக் காவல் படையை நினைப்பான். நான் நாள்தோறும் மொழிபெயர்ப்பவன். படிப்பவருக்கு விளங்காத தூய தமிழ் எனக்கு வேண்டாம். 'சிற்றரசு' கூடாது, அது பாரிக்கும் ஓரிக்கும் உரியது. 'அளவான அரசு' என்று எளிமையாக எழுதலாமே.

காரைக்குடி, செவ்வாய் பகல்

அளவு என்றால் உருவத்தின் அளவாகிவிடும். மூன்றே பேர் ஆளும் சின்ன அரசு, நினைத்தவரை நினைத்த நேரத்தில் சிறையில் அடைக்கலாம். ஆயிரம் துறைகள் கொண்ட பெரிய அரசு, நீதிமன்றத்துக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு நிற்கலாம். அதிகாரத்தின் எல்லை பற்றியதுதான் என் பாடம்.

பள்ளத்தூர், செவ்வாய் இரவு

நீங்கள் எல்லாரும் வயலிலேயே நிற்கிறீர்கள். நம் ஊர்ப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் ஐயா, தாத்தாவைத்தான் சொல்கிறேன், பர்மாவில் வட்டிக்கடைக்கு மேலாளாகப் போனவர். அவருடைய சம்பளச் சீட்டும் (வேலை ஒப்பந்தம்), முக்தியார் நாமாவும் (அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதல் போட்டவர் இங்கே இருப்பார். மேலாள் கடல் கடந்து இருப்பார். ஊரும் சனமும் மேலாளைத்தான் பெரியவர் என்று வணங்கும். ஆனால் கடன் கொடுக்கலாம், வசூலிக்கலாம், வழக்காடலாம் என்று தாளில் எழுதியிருப்பதை மட்டுமே அவர் செய்யலாம். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். 1689இல் வெளியான அரசாங்கம் பற்றிய லாக்கின் இரண்டாம் ஆய்வுரையிலும் இதே கருத்துதான் இருக்கிறது. ஆள்வோரின் அதிகாரம் மக்கள் நம்பி ஒப்படைத்தது. நம்பிக்கையைக் கெடுத்தால் அது மக்களிடமே திரும்பிவிடும். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? முறி என்றால் எழுதிக்கொடுத்த ஆவணம், கடன்முறி என்கிறோமே. 'முறியரசு' என்பது என் சொல்.

தேவகோட்டை, புதன் காலை

ஆச்சி, முறியரசு என்றால் முறிந்த அரசு என்றல்லவா படிப்பார்கள்! உவமை அருமை, சொல் நிற்காது. அயல் ஆவணத்துக்கும் போக வேண்டியதில்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள், புறநானூறு 184. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா என்ற நில அளவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம். வரிக்கு வரம்பு சொன்ன பாட்டு நம்மிடமே இருக்கிறது.

கோட்டையூர், புதன் மாலை

அந்தப் பாட்டின் துறை செவியறிவுறூஉ. அரசன் காதில் சொல்லும் அறிவுரை அது. கேட்பதும் விடுவதும் அவன் விருப்பம். நல்ல யானை கிடைத்ததற்கு மகிழலாம், ஆனால் அது வேலியாகாது. ஆச்சியின் முக்தியார் நாமாவில் எல்லையை எழுதியவர் வேறு, அதற்கு அடங்கியவர் வேறு. சொல்லிலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். அதனால்தான் 'வரம்பிட்ட அரசு' என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். பெயரெச்சம் இருபுறமும் வெட்டும்: வரம்பு இடப்பட்ட அரசா, நமக்கு வரம்பு இட்ட அரசா? பொருள் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று. 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962இல் நம் காரைக்குடியில் அக்கட்சியின் சார்பில் வென்றவர் கம்பன் அடிப்பொடி சா. கணேசன். எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி கேட்கும் ஆட்சியை பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ் என்று ராஜாஜி எதிர்த்தபோது மக்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. இத்தனைக்கும் 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொல்லுக்கென்று சங்கம் கண்டவர்களில் அவரும் ஒருவர். பழகிய சொல்லுக்கு நாமும் இடம் தரலாம்.

பாடத்தில் 'ரீசன்' வருமே, அதற்குப் பகுத்தறிவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் இறைமறுப்போடு ஒட்டிக்கொண்டது. லாக் கடவுள் நம்பிக்கை உடையவர். மாணவர்கள் குழம்புவார்கள்.

காரைக்குடி, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. தனி அஞ்சலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் 'வரம்புடை அரசு' என்பதற்கே ஆதரவு அதிகம். தேவகோட்டை ஐயாவும் தொகையை விரித்து எழுத இசைந்துவிட்டார். அதையே அனுப்புகிறேன். பகுத்தறிவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு, லாக்கின் நம்பிக்கையைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர், வெள்ளி அதிகாலை

என் வாக்கு மாறவில்லை. முறியரசு வேண்டாம் என்றீர்கள். வரம்புடை என்பதைப் பிள்ளைகள் 'வரம்பை உடை' என்று படித்தால் என்ன செய்வீர்கள்? சொல் உங்கள் விருப்பம். ஐயாவின் சீட்டையும் நாமாவையும் படம் எடுத்து அனுப்புகிறேன், தம்பி. ஒரு மூலையில் கறையான் அரித்திருக்கிறது. மேலாள் எதைச் செய்யலாம் என்ற வரிகள் முழுதாக இருக்கின்றன. வகுப்பில் காட்டுங்கள்.