இஸ்ஃபஹான் சதுக்கத்தில் பள்ளிவாசல் மட்டும் ஏன் திரும்பி நிற்கிறது?

கேள்வி:
ஈரானின் இஸ்ஃபஹான் நகரிலுள்ள நக்‌ஷே ஜஹான் சதுக்கத்தின் வான்படத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட அதன் நான்கு பக்கங்களும் நூல் பிடித்தாற்போல் இருக்க, தெற்கிலுள்ள ஷா பள்ளிவாசல் மட்டும் வாசலைச் சதுக்கத்துக்குக் காட்டிவிட்டு உடலைக் கோணலாகத் திருப்பி நிற்கிறது. இது கட்டும்போது நேர்ந்த பிழையா?

மறுமொழி 1:
பிழை அன்று. ஈரான் மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1598-ஆம் ஆண்டு தலைநகரைக் கஸ்வினிலிருந்து இங்கு மாற்றிய பின் உருவான சதுக்கம் இது. பள்ளிவாசல் பணி 1611-இல்தான் தொடங்கியது. சதுக்கம் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்கிறது. தொழுகைத் திசையான கிப்லாவோ அங்கே தென்மேற்கில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான சுமார் 45 பாகைத் திருப்பத்தை வாயிலை அடுத்த முன்மண்டபத்திலேயே முடித்துவிட்டார்கள். நேராகக் கட்டியிருந்தால் உயர்ந்த முகப்பு பின்னுள்ள குவிமாடத்தை மறைத்திருக்கும். திரும்பியதால், சதுக்கத்தில் நிற்பவர் இரண்டையும் ஒருசேரக் காண்கிறார்.

மறுமொழி 2:
கிழக்குப் பக்கத்து ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசலிலும் இதே சிக்கல்தான், ஆனால் தீர்வு இன்னும் நுட்பமானது. அரண்மனையாருக்கென எழுப்பப்பட்டதால் அதற்கு மினாராவும் இல்லை, முற்றமும் இல்லை. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் மங்கலான நடை ஒன்று இடமாகவும் வலமாகவும் வளைந்து செல்கிறது. அதன் முடிவில் குவிமாடத்தின் கீழ் வந்து நிற்கும்போது, திசை மாறியதை நாம் உணர்ந்திருக்கவே மாட்டோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், உச்சியில் வரைந்த மயிலுக்குச் சாளரத்து வெயில் தோகையாக விழுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் சதுக்கத்தையே கிப்லாவை நோக்கி அமைத்திருக்கலாமே?

மறுமொழி 3:
தொழுகைக்கு மட்டுமான இடமாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பார்கள். ஆனால் அது மைதானம் (நம் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான்). வடக்கே கைசரிய்யா வாயில் வழியாகப் பழைய நகரத்துக் கடைவீதி வந்து சேர்கிறது. மேற்கே அலி காபு மாளிகையின் மேல்மாடத்தில் அமர்ந்து மன்னர் போலோ ஆட்டம் பார்த்தார். இன்றுள்ள புல்வெளியும் குளமும் 20-ஆம் நூற்றாண்டின் சேர்க்கை. என் கண்ணுக்கு அவை உறுத்துகின்றன. அவற்றை மனத்தால் நீக்கிவிட்டு, இரு கோடிகளிலும் இன்னும் நிற்கும் கல் கம்பங்களைப் பாருங்கள். அவை போலோ ஆட்டத்தின் இலக்குக் கம்பங்கள்.