16 வயதுப் பெண்ணின் குரலை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி: 16 வயதுப் பெண் சொல்வதுபோல் எழுதிய நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்கிறேன். எனக்கு வயது 38. குரலை மெல்லிசாக்கினால் பொய்யாகக் கேட்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: குரலை விடுங்கள் அக்கா, வேகத்தைப் பாருங்கள். அந்த வயதில் கோபம் வந்தால் ஒரு வாக்கியம் முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். அம்மாவிடம் "ஒண்ணுமில்ல" என்பதை வெட்டிச் சொல்லுங்கள். தோழியிடம் அதையே இழுத்துச் சொல்லுங்கள். வயது தானாக வந்துவிடும்.

பதில் 2: மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள், 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதி வெடிக்காது. ஒலிப்புத்தகங்களை வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது. மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். அப்புறம், பணம் பெரும்பாலும் நீங்கள் உழைத்த நேரத்துக்கு அல்ல, முடிந்த ஒலியின் மணிக்கணக்கில்தான் வரும். திருத்தும் நேரத்தையும் சேர்த்தே தொகை பேசுங்கள்.

கேட்டவர்: நன்றி தம்பி. பையன்களின் வசனத்துக்கும் இதே வழிதானா?

பதில் 1: ஆமாம் அக்கா. தொண்டையைத் தடிப்பாக்காதீர்கள், குரலைத் தாழ்த்தி, வசனத்தை வெட்டிச் சொல்லுங்கள்.